வேறு மாகாணத்தில் வழக்கு: ரத்துச் செய்யும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கு?

ஊவாவின் தோட்டங்களிலும் அவற்றை அண்டிய முஸ்லிம் ஊர்களிலும் இளைஞர்கள் ஊரோடு தங்குவது குறைவு. மீரியபெத்த, கொஸ்லந்தைப் பக்கத்துப் பிள்ளை கொழும்பில் கடையில் நிற்கும். பண்டாரவளைப் பிள்ளை கண்டியில் படிக்கும் அல்லது படிப்பிக்கும். அப்படியான ஒருவர் மீது அங்கே வழக்கொன்று விழுந்தால், அல்லது இங்கிருந்து போட்ட முகநூல் பதிவுக்காகக் கொழும்பிலிருந்து பொலிஸார் வந்து கூட்டிப்போனால், குடும்பத்தாரும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் முதலில் கேட்பது ஒன்றுதான்: பதுளை மேல் நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டு இந்தக் கேஸை ரத்துச் செய்ய ஏலாதா?

ஏலாது. ஏன் ஏலாது, அப்படியென்றால் எங்கே போவது என்பதைத்தான் இங்கே விளக்க வேண்டியிருக்கிறது. பிழையான கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது கடந்துபோகும் ஒரு மாதம், பல நேரங்களில் திரும்பக் கிடைக்காத ஒரு மாதம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். வட்ஸ்அப்பில் வரும் சட்ட விளக்கங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவற்றைக் கேட்டுவிட்டு "482 மனு" பற்றி விசாரிப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அது இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482 ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் அது 528 ஆவது பிரிவாகிவிட்டது. ஒரு மாநிலத்தின் உயர் நீதிமன்றம் தனக்குக் கீழுள்ள நீதிமன்றங்களில் நடக்கும் குற்ற வழக்கை அந்தப் பிரிவின்படி ரத்துச் செய்யலாம். எமது நாட்டின் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் அதற்கு நேரான பிரிவு கிடையாது. எனவே அந்த மனுவைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் புதுக்கடையில் அதற்குப் பயனில்லை.

ஆனாலும் எல்லைப் பிரச்சினை இந்தியாவிலும் இருக்கிறது. அதை அவர்கள் கையாண்ட விதம் எமது நிலையை விளங்கிக்கொள்ள உதவும். சென்னையில் இருப்பவர் மீது உத்தரப் பிரதேசத்தில் வழக்கு என்றால், சென்னை உயர் நீதிமன்றம் 482 இன் கீழ் அதைத் தொட முடியாது. அது அதற்குக் கீழுள்ள நீதிமன்றம் அல்ல. ஆனால் இந்திய அரசியலமைப்பின் 226 ஆவது உறுப்புரை வேறொரு வழியைத் திறக்கிறது. 1963 இல் செய்யப்பட்ட 15 ஆவது திருத்தத்தின்படி, வழக்குக்கான காரணத்தின் ஒரு பகுதியாவது தன் எல்லைக்குள் நடந்திருந்தால், வெளி மாநில அதிகாரிக்கு எதிராகவும் ஓர் உயர் நீதிமன்றம் ஆணை பிறப்பிக்கலாம். 2000 ஆம் ஆண்டின் நவீன்சந்திர மஜீதியா வழக்கு இதற்குப் பெயர்போனது. கம்பனிக் கொடுக்கல் வாங்கல் மும்பையில் நடந்தது. முறைப்பாடோ மேகாலயாவின் ஷில்லோங்கில் பதிவானது. தனக்கு அதிகாரமில்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ள, இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. சம்பவத்தின் பெரும்பகுதி மும்பையில் நடந்திருக்கும்போது அந்த நீதிமன்றம் தலையிடலாம் என்றது.

எமது வாசகர்களுக்குப் பரிச்சயமான உதாரணம் ஊடகவியலாளர் முஹம்மத் சுபைருடையது. 2022 இல் உத்தரப் பிரதேசத்தின் பல மாவட்டங்களில் அவர் மீது முறைப்பாடுகள் பதிவாகின. ஒன்றில் பிணை கிடைத்தால் அடுத்ததில் கைது. அந்த ஆண்டு ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கி, அந்த முறைப்பாடுகளை டில்லிக்கு மாற்றியது. அவற்றை ரத்துச் செய்யக் கோரி டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகவும் அவருக்கு வழிவிட்டது. அதாவது, அதிகாரமுள்ள நீதிமன்றத்தைத் தேடி அவர் மாவட்டம் மாவட்டமாக அலையாமல், வழக்குகள் ஒரே நீதிமன்றத்தின் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டன.

இலங்கை ஒற்றையாட்சி நாடு. இங்கே மாநிலம் இல்லை, மாகாணம்தான். அப்படியானால் எல்லை என்ற பேச்சுக்கே இடமில்லையே என்று தோன்றலாம். 1987 வரை அது ஓரளவுக்குச் சரி. அந்த ஆண்டின் 13 ஆவது திருத்தம் மாகாண மேல் நீதிமன்றங்களை உருவாக்கியபோது, அவற்றின் அதிகாரத்தோடு சேர்த்து ஒரு வேலியையும் போட்டது. 154த உறுப்புரையை வாசித்தால் "மாகாணத்துக்குள்" என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இங்கே முக்கியமான அதிகாரங்கள் மூன்று. தன் மாகாணத்திலுள்ள நீதவான் நீதிமன்றங்களும் ஆரம்ப நீதிமன்றங்களும் பிறப்பித்த கட்டளைகளை மேன்முறையீட்டிலும் மீளாய்விலும் பரிசீலிப்பது ஒன்று. மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவருக்காக ஆட்கொணர்வு எழுத்தாணை வழங்குவது இன்னொன்று. மூன்றாவதுதான் ஓர் அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யும் எழுத்தாணை. அதுவும் மாகாண சபைப் பட்டியலில் உள்ள ஒரு விடயம் தொடர்பாக, மாகாணத்துக்குள் அதிகாரம் செலுத்துபவருக்கு எதிராக மட்டும். குற்றவழக்குத் தொடுப்பதா இல்லையா என்று சட்டமா அதிபர் எடுக்கும் முடிவு அந்தப் பட்டியலுக்குள் வராது.

ஆகவே பதுளை மேல் நீதிமன்றத்துக்கு இரண்டு வேலிகள். ஒன்று நிலத்தில், மற்றது விடயத்தில். ஊவா என்றால் பதுளை, மொனராகலை மாவட்டங்கள். கொழும்புக் கோட்டை நீதவான் போட்ட விளக்கமறியல் கட்டளையை மீளாய்வு செய்யச் சொல்லிப் பதுளைக்குப் போனால் முதல் நாளிலேயே ஆட்சேபனை எழும். மனு தள்ளுபடியாகும். அந்தத் தள்ளுபடி பிள்ளை குற்றவாளி என்பதாலல்ல, வந்த இடம் பிழை என்பதால். இதை விளங்கப்படுத்தாவிட்டால் ஊரில் கதை வேறு மாதிரிப் போய்விடும்.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது இதுதான். சந்தேகநபரின் வீடு எங்கே என்பது கணக்கில் வராது. கட்டளையை இட்டவர் எங்கே இருக்கிறார், ஆள் எங்கே அடைக்கப்பட்டிருக்கிறார் என்பதே கணக்கு.

ஊவாவிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிந்திய வாரங்களில், மே 17 அன்று, ஹசலக்கப் பொலிஸார் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். அவர் அணிந்திருந்த உடையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பொலிஸாருக்கு அது தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. ஹசலக்க கண்டி மாவட்டம், மத்திய மாகாணம். அவர் முற்படுத்தப்பட்டதோ மகியங்கனை நீதவான் நீதிமன்றத்தில். அது பதுளை மாவட்டம், ஊவா மாகாணம். சம்பவம் ஒரு மாகாணத்தில், நீதிமன்றம் இன்னொரு மாகாணத்தில். ஜூன் 3 இல்தான் பிணையில் வெளியே வந்தார்.

அந்த விளக்கமறியல் கட்டளையை மேலே கொண்டுபோக வேண்டியிருந்தால் எங்கே போவது? வீடும் பொலிஸும் மத்திய மாகாணத்தில் என்பதற்காகக் கண்டி மேல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. கட்டளை ஊவாவில் பிறந்தது. எனவே அது ஊவா மாகாண மேல் நீதிமன்றத்தின் மீளாய்வுக்கு உரியது. ஆனால் கைது சரியா பிழையா என்ற கேள்விக்கு அந்தப் பாதையில் முழு விடை கிடைக்காது. அதற்காக அவர் கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மீறல் மனுவோடு போனார். சில ஆண்டுகள் கழித்து, அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. கைது செய்த பொலிஸ் பொறுப்பதிகாரி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவானது. ஒரு சட்டைத் துணியின் படத்துக்காக இத்தனை வருடம் என்று சலித்துக்கொள்ளலாம். ஆனாலும் அந்தத் தீர்ப்பு இல்லாமலிருந்தால் அடுத்த பெண்ணுக்குக் காட்ட எம்மிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

ரம்ஸி ராசிக்கின் வழக்கு இன்னொரு வகை. அவர் கண்டிப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச அதிகாரி. 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, பேனாவையும் விசைப்பலகையையும் கொண்ட ஒரு கருத்துப் போராட்டம் தேவை என்று முகநூலில் எழுதினார். அதில் "ஜிஹாத்" என்ற சொல் இருந்தது. ஏப்ரல் 9 இல் கொழும்பிலிருந்து வந்த குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் அவரைக் கைது செய்தார்கள். எழுதியது மத்திய மாகாணத்தில், வழக்கு மேல் மாகாணத்தில். சர்வதேசப் பொருத்தனைச் சட்டம், அதாவது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்தின் 3 ஆம் பிரிவு அவர் மீது பிரயோகிக்கப்பட்டது. அந்தப் பிரிவின் கீழ் நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம் மட்டும்தான், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலைகளில். அப்போது அது எந்த மேல் நீதிமன்றம் என்ற கேள்வி உயிர்நாடியாகிவிடுகிறது. அவருக்கு அது கொழும்பு. செப்டம்பர் 17 இல் பிணை கிடைத்தது. ஐந்து மாதம் கடந்திருந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய கைது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்து 10 இலட்சம் ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

சரி, இலங்கையில் வழக்கையே ரத்துச் செய்யும் அதிகாரம் யாரிடம்? மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம். அரசியலமைப்பின் 140 ஆவது உறுப்புரை அதற்கு எழுத்தாணை அதிகாரத்தைத் தருகிறது. அதற்கு மாகாண வேலி இல்லை. யாழ்ப்பாணமோ அம்பாறையோ மொனராகலையோ, எங்கே எடுக்கப்பட்ட முடிவானாலும் அங்கே கேள்விக்கு உட்படுத்தலாம். சட்டமா அதிபரின் முடிவும் பரிசீலனைக்கு அப்பாற்பட்டதல்ல என்பதை 1998 இல் ராவய ஆசிரியர் விக்டர் ஐவன் தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் இதில் கை நீட்டுவது அபூர்வம். சாட்சியம் போதாது என்பது ரத்துச் செய்யப் போதுமான காரணமல்ல. அதை விளக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். சட்டத்தில் இல்லாத குற்றம், அதிகாரமில்லாதவர் எடுத்த நடவடிக்கை, தீய நோக்கம் வெளிப்படையாகத் தெரியும் நடவடிக்கை போன்றவற்றுக்கே செவிசாய்ப்பார்கள். சட்டத்தரணி இதை முன்கூட்டியே சொன்னால் அவரைக் குறை சொல்ல வேண்டாம். "கட்டாயம் வெட்டித்தருவேன்" என்று சொல்பவரிடம்தான் கவனம் தேவை.

தோட்டங்களில் இருப்போரை இதைவிட அதிகம் தொடும் வழக்கு ஒன்று உண்டு. இராகலை ஸ்டஃபோர்ட் தோட்டத்தில் ஒருவருக்கு, அரச காணியிலிருந்து வெளியேறுமாறு தோட்ட அத்தியட்சகர் அறிவித்தல் கொடுத்தார். 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறல் சட்டத்தின் கீழ் அது செய்யப்பட்டது. அந்த அறிவித்தலை ரத்துச் செய்யக் கேட்டு அவர் போனது கண்டியிலுள்ள மத்திய மாகாண மேல் நீதிமன்றத்துக்கு. அதிகாரமில்லை என்றார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் அதிகாரம் உண்டு என்றது. 2013 செப்டம்பர் 26 அன்று உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதியரசர்களும் ஒருமனதாக இல்லை என்று முடித்தார்கள். அரச காணி மீதான அதிகாரம் மாகாணத்துக்கு முழுதாகக் கைமாறவில்லை, எனவே அது மாகாண சபைப் பட்டியலுக்குள் வரும் விடயமல்ல, ஆகையால் மாகாண மேல் நீதிமன்றம் அதில் எழுத்தாணை வழங்க முடியாது என்பது காரணம்.

13 ஆவது திருத்தத்தின் காணி அதிகாரம் பற்றிய தீர்ப்பாகவே இது அரசியல் மேடைகளில் பேசப்பட்டது. லயன் அறையில் இருப்பவருக்கு அதன் பொருள் வேறு. தோட்டமும் இராகலை, அறிவித்தல் கொடுத்தவரும் இராகலை, நீதிமன்றமும் அதே மாகாணம். நிலத்தின் வேலிக்குள் எல்லாம் சரியாகவே இருந்தது. விடயத்தின் வேலியில் வழக்கு விழுந்தது. அன்றிலிருந்து இப்படியான அறிவித்தலை ரத்துச் செய்யக் கேட்பவர் கொழும்புக்குத்தான் போக வேண்டும். அறிவித்தலுக்குப் பணியாவிட்டால் அதிகாரி நீதவானிடம் போவார். அங்கே காட்டக்கூடியது செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து அதிகாரம் மட்டும்தான். தலைமுறையாக இருக்கிறோம் என்பது அங்கே பேச்சாகாது. நீதவான் வெளியேற்றக் கட்டளை பிறப்பித்த பிறகு அந்தக் கட்டளையை மட்டும் பதுளை மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு செய்யக் கேட்கலாம். ஆக ஒரே குடும்பம், ஒரே அறை, ஆனால் அறிவித்தலுக்குக் கொழும்பு, கட்டளைக்குப் பதுளை.

2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தவில் மலை சரிந்து லயன்களை மூடியபோது, அந்த மக்களிடம் தாங்கள் வாழ்ந்த இடத்துக்கு உறுதி என்று ஒரு தாள்கூட இருக்கவில்லை என்பதை நாடு அப்போதுதான் பேசியது. ஆபத்தான சரிவிலிருந்து எழும்பச் சொல்வது வேறு, அரச காணி என்று எழும்பச் சொல்வது வேறு. கையில் கிடைத்த கடிதம் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று பார்க்காமல் எந்த நீதிமன்றத்துக்கும் போகக் கூடாது. கடிதத்தின் முதல் வரியிலேயே சட்டத்தின் இலக்கம் பெரும்பாலும் இருக்கும்.

ஆட்கொணர்வு மனுவிலும் இதே கவனம் தேவை. கவிஞர் அஹ்னாப் ஜஸீம் மன்னாரைச் சேர்ந்தவர். புத்தளத்தில் ஆசிரியராக இருந்தார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி வவுனியாவிலும் கொழும்பிலும் தடுத்து வைக்கப்பட்டார். வழக்கு புத்தளம் மேல் நீதிமன்றத்தில் நடந்து, 2023 டிசம்பரில் விடுதலையானார். ஒருவருடைய வாழ்க்கையில் இத்தனை மாகாணங்கள். இப்படி ஆளை இடம் மாற்றும்போது, நேற்று அதிகாரமிருந்த மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இன்று அது இல்லாமல் போகலாம். அதனால் தடுப்புக் காவல் வழக்குகளில் 141 ஆவது உறுப்புரையின் கீழ் நேரே மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவதே பாதுகாப்பு என்பது என் அபிப்பிராயம். செலவு கூடும், ஆனால் ஆளை எங்கே கொண்டுபோனாலும் மனு நிற்கும்.

ரத்து வேண்டாம், வழக்கு நெருக்கமான இடத்துக்கு வந்தால் போதும் என்பவர்களுக்கு 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு இருக்கிறது. நியாயமான விசாரணை அந்த இடத்தில் கிடைக்காது என்றோ வேறு தகுந்த காரணத்தாலோ மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை இடம் மாற்றலாம். ஆனால் அடுத்த பிரிவு இதே மாற்றத்தைச் சட்டமா அதிபரின் கையிலும் கொடுக்கிறது. 2017 இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் இருந்த மூன்று தமிழ்க் கைதிகளின் வழக்கு, சாட்சிகளின் பாதுகாப்பு என்ற காரணத்தில் அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வடக்கு முழுவதும் ஹர்த்தால் நடந்தது. இடம் மாறும்போது மொழியும் மாறுகிறது என்பதே அவர்களுடைய அச்சம். எமது ஊவாவில் அந்த அச்சம் புதிதல்ல. நீதிமன்ற நடவடிக்கை சிங்களத்தில் நடந்தால் தமிழில் மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை தருகிறது. அது கேட்டால்தான் கிடைக்கும்.

எல்லையே இல்லாத வழி ஒன்றும் உண்டு. அதை எம்மவர்கள் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். குற்றப்பகர்வு வருமுன் சட்டத்தரணி மூலம் சட்டமா அதிபருக்கு எழுத்தில் முறையிடுவது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் அடைபட்டார். 2021 இல் அவர் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று சட்டமா அதிபர் முடிவெடுத்தார். நீதிமன்றம் ரத்துச் செய்யவில்லை, வழக்கு அப்படியே முடிந்தது.

கடைசியாக, காலம். அடிப்படை உரிமை மனுவை 126 ஆவது உறுப்புரையின்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் தரும் சலுகை இது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் பதுளையிலேயே இருக்கிறது. கொஸ்லந்தையிலிருந்து கொழும்புக்குக் கிட்டத்தட்ட 200 கிலோமீற்றர். வக்கீல் பணத்தைச் சேர்க்க முன்னர், கைதான அதே வாரத்தில், பதுளைக்கு ஒருவர் போய் அந்த முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தை வாங்கிக்கொள்ளலாம். நீதவான் நீதிமன்றப் பதிவாளரிடம் பொலிஸாரின் பீ அறிக்கைக்கும் நாளேட்டுக் குறிப்புகளுக்கும் உறுதிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பிப்பதும் அன்றே செய்யக்கூடியது. எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான்.

உயர் நீதிமன்றம் வழக்கமாகக் கொழும்பில் அமரும், பிரதம நீதியரசர் வேறு விதமாகப் பணித்தால் வேறிடத்திலும் அமரலாம் என்று 132 ஆவது உறுப்புரை சொல்கிறது. இந்த "வேறு விதமாக" என்பதைப் பயன்படுத்தச் சொல்லி மலையகப் பிரதிநிதிகளும் முஸ்லிம் பிரதிநிதிகளும் சேர்ந்து ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். வருடத்தில் இரண்டு வாரம் பதுளையில் ஓர் அமர்வு என்பது அரசியலமைப்பைத் திருத்தாமலே செய்யக்கூடிய காரியம்.